வரமொழியும் சூரபன்மன் வீழ்ச்சியும்

புதுவையினின்று வடமேற்றிசை நோக்கி மயிலத்திற்குச் செல்லும் பெருவழியில் சேதராப்பட்டு என்னும் ஊர் உளது. வில்லியனூர்ப் பகுதியைச் சார்ந்த அவ்வூர் இந்நாளில் தொழிற்சாலைகள் மிகுந்த இடமாய் விளங்குகின்றது. அவ்வழியே மேலுஞ் செல்வார் மயிலமலையை அடைவர். தோகை விரித்த மயிலை ஒப்பது அக்குன்றின் தோற்றம் என்ப. ஆங்கே முருகப்பெருமான் திருக்கோயிலும் பொம்மபுர ஆதீனத் திருமடமும் உள்ளன. தோல்வியுற்ற சூரபன்மன் பகைமை ஒழிந்து, பெருமானுக்கு ஊர்தியாகும் பேறு வேண்டித் தவங்கிடந்து, மயில்வடிவாய் நின்ற இடம் இதுவென்று தலவரலாறு கூறும். மயூரம் என்பதே மயிலம் என மருவிற்று என்பாரும் உளர்.

கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்தில் இச்செய்தி இல்லை. அங்கே, கடலிடை மாமரமாய் நின்ற சூரன் வேலாற் பிளவுண்டு, ஒரு கூறு சேவலும் ஒரு கூறு மயிலுமாய்ச் சினந்தெழுந்து வர, பெருமான் திருநோக்கஞ் செய்த அளவிலே அவை பகை மாறிக் கொடியும் ஊர்தியும் ஆயின. தவமும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. நூல் ஒன்று கூற நிலம் ஒன்று கூறுகின்றது. தலவரலாறுகளுக்கு இஃது இயல்பே என்று அமைவார் அமைக. யாம் அங்ஙனம் அமைய இயலாமைக்குக் காரணம், சூரபன்மன் யாவன், அவன் எதனால் வீழ்ந்தான் என்னும் வினா இவ்வேற்றுமையினுள்ளேயே அடங்கிக் கிடத்தலாம்.

ஐப்பசித் திங்களிற் கந்தசட்டி ஆறாம் நாள் முருகன் கோயில்களிற் சூரசங்கார விழா நிகழ்கின்றது. யானைத்தலை வீழச் சிங்கத்தலை தோன்றுகின்றது. அது வீழச் சூரன் தலை தோன்றுகின்றது. ஒவ்வொன்று வீழுந்தோறும் மக்கள் ஆரவாரிக்கின்றனர். விழாவிற்கு அஃது அழகே. ஆயின், விழாக் கண்ட கண்ணோடே நூலை ஓதப் புகுவார் சிலர், சூரனை வெட்டுதற்கென்றே செய்து வைத்த பாவையாகக் கொண்டு, அவன் வீழ்ச்சியிற் சிந்தித்தற்கு ஒன்றுமில்லையென ஒழிகின்றனர். மற்றொரு சாரார், "இத்துணை யுகம் வாழ்க, பின் இன்னதால் மடிக என்று முன்னரே மொழிந்துவிட்ட பின், அவன்தான் என் செய்வான்!" என இரங்குவர். முன்னையோர் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடைய பெருநூலைக் குழவிக்கதை ஆக்குகின்றனர். பின்னையோரோ, தாம் அறியாமலே, இறைவன் வாக்கின்மேற் பழி சுமத்துகின்றனர். பின்னையோர் கொள்கை இரக்கமுடையது போலத் தோன்றுதலின் அதுவே மிகவும் ஆராயத்தக்கது.

முதற்கண் சூரன் அவலத்துக்குரிய தலைவனாவானா என்பதைக் காண்போம். அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களங்களுள் இளிவையும் இழவையும் தொல்காப்பியனார் சேர்த்து எண்ணினார். பெருமிதத்துக்குரியவற்றுள் தறுகண்மையையும் புகழ்மையையும் கூறினார். இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கின் சூரன் கதை வேறொரு விளக்கம் பெறும். தறுகண்மையும் புகழ்மையும் உடையான் ஒருவன், இளிவு வருமென்று அஞ்சி, இழவுமேல் இழவு எய்துகின்றான். தம்பியர் மாள்கின்றனர், மைந்தர் மாள்கின்றனர், வீரமகேந்திரபுரம் பாழாகின்றது. இத்துணையும் ஒரு சொல்லால் தடுத்திருக்கக் கூடியன. சிறையிலிட்ட தேவரை விடுக என்னும் அவ்வொரு சொல் அவன் வாயினின்று வரவில்லை. இஃது அவலமன்றெனின் அவலம் என்பது யாது?

இனி வரமொழிக்கு வருவோம். அதற்கு முன், சூரன் இளமையிற் கேட்ட இரண்டு மொழிகளை நினைத்தல் வேண்டும். காசிபன் தன் மக்களை அழைத்து, பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் இயல்பை உணர்த்தி, மார்க்கண்டேயர் கூற்றை வென்ற வரலாற்றையுஞ் சொல்லித் தவநெறியிற் செலுத்த முயல்கின்றான். உடனே தாயாகிய மாயை குறுக்கிட்டு, அவ்வுபதேசம் பயனற்றதென இகழ்ந்து, செல்வமும் வலியும் ஆட்சியுமே அடையத்தக்கன. அவற்றின் பொருட்டு வேள்வி செய்க என ஏவுகின்றாள். மக்கள் தாய்மொழியைத் தலைமேற் கொள்கின்றனர். ஆசிரியர் இவ்விரண்டு உபதேசங்களையும் அடுத்தடுத்து வைத்தது வாளா வைத்ததன்று. சூரன் உண்மையைக் கேளாதவன் அல்லன் என்பதும், கேட்டவற்றுள் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் இயல்பு அவன்பால் தொடக்கத்திலேயே உண்டு என்பதும் இதனாற் புலனாகும். மாயை சடம், தானே ஒருவனைக் கெடுக்கவல்லது அன்று என்பது சித்தாந்தம். அதனைத் தாயாக உருவகித்துப் பேசவைத்த விடத்தும் அவ்வுண்மை கெடவில்லை. மாயை பொருளைக் காட்டினாள், விழைந்தவன் மகனே.

பின்னர் நிகழ்ந்த வேள்வி அஞ்சத்தக்க பெருமையுடையது. நெடுங்காலம் வேட்டும் இறைவன் வெளிப்படாமையின், சூரன் தன் உடலையே அவியாக்கி வேள்விக் குண்டத்துட் பாய்ந்தான். இத்தறுகண்மையை நூலாசிரியர் குறைத்துக் காட்டவில்லை. அண்ணனை இழந்தேமென்று தம்பியர் ஆற்றாது நிற்கச் சிவபெருமான் முதிய அந்தணராய்த் தோன்றிச் சூரனை உயிருடன் எழச் செய்து, பின் தம் திருவுருக் காட்டி அருளினார். ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் அரசும், இந்திரஞாலம் என்னும் தேரும், அழியா யாக்கையும் பெற்றான். அவ்வருளிப்பாட்டினுள்ளேயே, தம் சத்தியன்றிப் பிறிதொன்றும் அவனை வெல்லாது என்னும் மொழியும் அமைந்தது.

இம்மொழியை நிறுத்தி நோக்குக. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. வாழ்நாளுக்கு அளவு கூறப்பட்டது. வெல்லும் பொருள் இன்னதென்று கூறப்பட்டது. வஞ்சகமில்லை, இருபொருள்படுஞ் சொல் இல்லை. ஆயினும் சூரன் செவியில் விழுந்தது "பிறிதொன்றும் வெல்லாது" என்னும் பகுதியே. "தம் சத்தியன்றி" என்னும் பகுதி விழவில்லை. நூற்றெட்டு யுகம் என்பது எல்லையாகப் படாமல் எல்லையின்மையாகப் பட்டது. ஒரு வாக்கியத்தின் பாதியை அரசாகவும் மற்றைப் பாதியைக் காற்றாகவும் கொண்டான். அவன் வீழ்ச்சி வேலால் நிகழ்ந்ததென்பர். வரம் பெற்ற அன்றே அது தொடங்கிற்று என்க. ஆணவம் பிற பொருளை மறைத்தலோடு அமையாது, தான் மறைத்தலையும் உயிர்க்கு அறிவியாது நிற்பதென்று நம் நூல்கள் கூறும். அதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தான் பாதியைக் கேட்டிலேன் என்பதை அவன் ஒருகாலும் அறிந்திலன்.

அஃதேல், வரத்திலேயே ஆசை முடிந்ததன்றோ. வேண்டியன யாவும் பெற்றபின் அவன் பிழை எங்ஙனம் வந்தது எனின், இதுவே நுணுகி நோக்கத்தக்க இடம். தேவரைச் சிறையிலிடுக என்று வரம் கூறவில்லை. இந்திரன் மனைவியைக் கவர்ந்து வர ஒருத்தி முயலவேண்டும் என்றும் வரம் கூறவில்லை. தேவர்களைக் கடல்மீன் சுமக்கும் ஏவலராக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆயிரத்தெட்டு அண்டங்களை ஆளும் ஒருவனுக்கு மீன் கொணர ஆளில்லையா? ஆள் வேண்டியன்று; தேவர் தலையில் மீன்கூடையைக் காணவேண்டியே அவ்வேவல் பிறந்தது. தான் உயர்ந்ததனால் அவன் உள்ளம் நிறையவில்லை. பிறர் தாழ்ந்து நிற்பதைக் கண்டாலன்றி அவ்வுயர்வு அவனுக்கு உயர்வாகப் படவில்லை. இங்கே பொருளாசை என்னும் பெயர் பொருந்தாது. பொருளெல்லாம் அவனுடையனவே. ஆசைக்குரிய பொருள்கள் அனைத்தும் கைவந்த பின்னரும் எஞ்சி நிற்கும் ஒன்றே அவனை ஓட்டிற்று. அதனைத்தான் நம்மவர் மூலமலம் என்றனர். அவன் அழிவுக்குக் காரணமான செயல், வரமொழி ஏவியதும் அன்று. வரமொழிக்கு வேண்டியதும் அன்று என்பதை விதியென்று இரங்குவோர் எண்ணிப்பார்ப்பாராக.

ஆங்கிலப் பெரும்புலவர் செகப்பிரியர் 1606-ஆம் ஆண்டளவில் இயற்றிய மாக்பெத்து என்னும் நாடகத்தைக் கற்றோர்க்கு ஈண்டு ஒப்புமை தோன்றாமற் போகாது. பம்மல் சம்பந்த முதலியார் மகபதி என்னும் பெயரால் அதனைத் தமிழாக்கினார். மூன்று சூனியக்காரிகள் மாக்பெத்தை நோக்கி, நீ அரசனாவாய் என்கின்றனர். அவனும் அவன் மனைவியும் அம்மொழியை மெய்யாக்குதற்கு, தம் இல்லில் விருந்தாய் வந்த மன்னனைக் கொல்கின்றனர். பின்னர், பெண்வயிற்றிற் பிறந்தார் எவராலும் உனக்குத் தீங்கில்லை. காடு பெயர்ந்து வரும்வரை தோல்வியில்லை என்னும் மொழிகளைப் பற்றிக்கொண்டு அவன் அழிகின்றான். தாய்வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட ஒருவன் அவனைக் கொல்கின்றான். மரக்கிளைகளை ஏந்திய படை காடுபோல வருகின்றது. மாக்பெத்தும் சூரனும் சொல்லின் ஒரு பகுதியையே கேட்டனர் என்னும் அளவில் இருவரும் ஒப்பர். வேற்றுமையோ பெரிது. அச்சூனியக்காரிகளின் சொல் ஏமாற்றும் சொல். ஆதலின் மாக்பெத்து, நான் வஞ்சிக்கப்பட்டேன் என்று ஈற்றில் முறையிடுதற்கு இடமுண்டு. சூரனுக்கு அவ்விடமில்லை. அவன் கேட்டது இறைவன் வாய்மொழி, அதனுட் கரவில்லை. பிறிதொரு வேற்றுமையும் காண்க. மாக்பெத்து தான் செய்வது கொடுமையென்று செய்யுமுன்னே அறிந்து நடுங்குகின்றான். சூரனுக்கு அந்நடுக்கம் இல்லை. மனச்சான்றின் வேதனையை உள்ளிருந்து காட்டுவதில் ஆங்கிலப் புலவர் சிறந்தார் என்பதை ஒப்புதலில் நமக்கு இழுக்கில்லை. கண்ணிருந்தும் காணாமை எத்தகையது என்பதைக் காட்டுவதில் கச்சியப்பர் சிறந்தார்.

வருவதுரைக்கும் சொல் ஒன்று கேட்டாரை அழித்தே தீரும் என்பதற்கு விதியில்லை என்பதை நம் சிலப்பதிகார வரலாறே காட்டும். அரசு இளையோனுக்காம் என்று நிமித்திகன் கூறினான். மூத்தோன் உள்ளம் வருந்தும் என்று கண்ட இளங்கோ, அவ்வரசையே துறந்து குணவாயிற் கோட்டத்து அமர்ந்தார். சொல் ஒன்றே; அதனைக் கேட்ட செவி வேறு.

மீண்டும் வீரமகேந்திரபுரத்து அவைக்கு வருவோம். வீரவாகுதேவர் தூது வந்து, தேவரைச் சிறைவிடுக. விடின் வாழ்வாய் என்று கூறிச் சென்றபின், சூரன் தன் சுற்றத்தைக் கூட்டி உசாவுகின்றான். அமைச்சரும் படைத்தலைவரும் அவன் விரும்பியதையே சொல்கின்றனர். சிங்கமுகன் ஒருவனே எழுந்து, வந்தவன் பாலனல்லன், பரம்பொருள். வரந்தந்தவனே முடிக்க வருவானாயின் தடுப்பார் யார் என்னுங் கருத்துப்படப் பேசுகின்றான். தமையன் கேளாமற் போயின பாதி வாக்கியத்தை அவன் செவியில் மீண்டும் ஓதியவன் சிங்கமுகனே. சிவபெருமானும், ஆறுமுகன் தம் சத்தியே என்றும், தமக்கும் அவற்கும் வேற்றுமையின்று என்றும் தேவர்க்கு அருளியதாக இந்நூலில் முன்னரே அமைந்திருத்தலின், கற்போர்க்கு இதன் பொருள் ஐயமற விளங்கும். சூரன் நகைத்தான். பால் மணம் மாறாத சிறுவனுக்கு அஞ்சுவதோ என்றான். தம்பியை அச்சமுற்றவன் என இகழ்ந்தான். சிங்கமுகனும், விதி இதுவாயின் உனக்காகப் போர்செய்து முன்னே மடிவேன் என்று இசைந்தான். இராமகாதைக் கும்பகருணனை இவன் நினைப்பிக்கின்றான். ஆயினும் அவனைவிட இவன் அறிவு துயரமானது. எதிரி தெய்வம் என்பதை ஐயத்தோடன்றித் தெளிவாக உணர்ந்தும் எதிர்த்து நின்று மாய்கின்றான். அசுரகுலத்தில் உணர்வுடையார் இலர் என்பார் இப்பகுதியை ஓதியிரார்.

சிறுவன் என்னும் இவ்விகழ்ச்சி நூல் முழுதும் சூரன் வாயில் வருகின்றது. தம்பி தாரகன் கிரவுஞ்ச மலையோடு அழிந்தான் என்னுஞ் செய்தி வந்த பின்னும் வருகின்றது. இரண்டாம் நாட் போரில் படைக்கலம் இழந்து நகர் புக்க பின்னும் ஒழியவில்லை. கண்ணாற் கண்ட தோல்விகூட அவன் அறிவை எட்டவில்லை. போர் முடிவில் அவன் தேரை இழந்து, சிங்க ஊர்தியை இழந்து, பறவையாய்ப் பறந்து, பல வடிவும் எடுத்து எடுத்து இழக்கின்றான். வரத்தாற் பெற்றவை ஒவ்வொன்றாய்க் கழல்கின்றன. கழலாதது ஒன்றே.

அதன்பின் வருவதே இந்நூலின் உச்சி. பெருமான் தம் பேருருவைக் காட்டி நிற்கின்றார். சூரன் காண்கின்றான். வியக்கின்றான். பாலன் என்று எண்ணியிருந்த பொருள் அனைத்துக்கும் மூலமாய் நிற்பதை அவன் வாயே சொல்கின்றது. கால் வலஞ்செய்ய விழைகின்றது. கை கூப்ப விழைகின்றது. தலை தாழ விழைகின்றது. அடிமையாய் வாழ நெஞ்சு விழைகின்றது. இத்தனையும் தானே கூறியபின், இவற்றைத் தடுத்து நிற்பது மானம் ஒன்றே என்றும் அவனே கூறுகின்றான். சற்றே கழிந்து பெருமான் அப்பேருருவைச் சுருக்கித் தந்த உணர்வையும் மீட்டுக்கொள்ள, சூரன் பண்டைச் சினத்தோடு போர்க்கெழுகின்றான்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் கூறும் வழக்கு உண்டு. பயன் கூறுவார் எவர்க்கும் இவ்விடம் ஒரு சோதனை. அறிவு தந்தவர் அதனை மீட்டதேன்? மெய்யுணர்ந்து உருகிநின்ற ஒருவனை மீண்டும் இருளில் தள்ளுதல் அருளாகுமா? உணர்வைப் பறித்துவிட்டுப் பின் அவனைப் பிளத்தல் முறையாமா? "அவர் திருவிளையாடல்" என்று சொல்லி அடுத்த பாட்டிற்குச் செல்வாரை யாம் கேட்டதுண்டு. அது விடையாகாது. விளையாட்டு என்னுஞ் சொல், இறைவன் ஐந்தொழிலை எளிதிற் செய்தலைக் குறிக்க வந்ததேயன்றி, முறையின்மைக்குப் போர்வையாக வந்ததன்று.

இதற்கு விடை பாடல்களின் வைப்பு முறையிலேயே உளது. பெருமான் உணர்வை மீட்டது, சூரன் தன் மானத்தைத் தடையாகக் கூறியதன் பின்னரே. கால், கை, தலை, நெஞ்சு ஆகிய யாவும் ஒருமுகமாய் நின்றபோது அவற்றுக்கு எதிராக ஒன்றை அவன் தானே தெரிந்து வைத்துக்கொண்டான். அம்மானம் பெருமான் தந்ததன்று. பேருருவின் ஒளி பட்டபோதும் உருகாது நின்ற சரக்கு. பேருருவைக் கண்ட உணர்வோ அவனுடையதன்று, காட்டியதால் வந்தது. சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பு ஆதலின், சார்பு நீங்கியபோது தந்தது நீங்கிற்று, தன்னது நின்றது. ஆக, பெருமான் ஒன்றையும் அவனிடமிருந்து பறித்திலர். அவன் எதனைத் தனதென்று பற்றினானோ அதனோடு அவனை விட்டார்.

இன்னும் ஒருபடி மேலே சென்று, மறைத்தலும் அருளே என்பர் சித்தாந்திகள். மலத்தோடு உடனின்று அதனைப் பக்குவப்படுத்தும் சத்திக்குத் திரோதாயி என்று பெயரிட்டு, அச்செயல்பற்றி அதனையும் மலமென்று உபசரித்துக் கூறினர். மலம் பக்குவமுறாமுன் ஒளியை நிலைக்கச்செய்தல், காயைக் கனியென்று பறித்தலோடு ஒக்கும். சூரன் அன்று பணிந்திருந்தால், தோற்றவன் வென்றவனைப் பணிந்தது என்னும் அளவில் அது நின்றிருக்கும். மானம் உள்ளே அப்படியே கிடந்திருக்கும். அம்மானம் தன் வலிமுழுதும் காட்டி ஓயவேண்டியிருந்தது. ஆதலினன்றோ பேருருக் கண்டபின் அவன் எடுத்த வடிவு இருளாயிற்று! உயிருக்கு உவமை வேண்டின் ஆணவத்தை இருளென்று கூறும் நூல்வழக்கை அறிந்த ஆசிரியர், அவ்வுவமையையே ஈண்டு கதையாக்கினார். வேல் இருளைக் கிழித்தது. மறைய இடமின்றிக் கடலுட் புக்கு மரமாய் நின்றான். அண்டங்களை ஆண்டவன் வேர்விட்டு அசையாது நிற்கும் மரமானான். அதன்மேல் இறங்கத்தக்க நிலை வேறில்லை.

மற்று ஓர் ஐயம். ஈற்றில் மயிலாகவும் சேவலாகவும் ஆட்கொள்ளப்பட்டமையின், சூரன் வரலாற்றை அவலம் என்றல் பொருந்துமா? சைவ இலக்கியத்தில் அவலத்துக்கு இடமில்லை. அருளே முடிபாதலின் என்று உரைப்பாரும் உளர். இக்கூற்றுப் பத்தியின் பாற்பட்டது போலத் தோன்றினும், அருளை மலிவாக்குகின்றது. அருள் வந்தமையால் பானுகோபன் எழுந்து வந்தானில்லை. சிங்கமுகன் மீண்டானில்லை. கணவன் மாண்டான் எனக் கேட்டு உயிர்நீத்த பதுமகோமளையின் துயர் இல்லையாகிவிடவில்லை. சூரன் மயிலானதைக் காண அவன் வீட்டில் ஒருவரும் இலர். மறக்கருணை என்னுஞ் சொல்லில் கருணையை மாத்திரம் கேட்டு மறத்தைக் கேளாது விடுதல், சூரன் வரமொழியைக் கேட்டவாறே கேட்டலாகும். ஆட்கொண்டார் என்பதும் மெய். அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் மெய். இரண்டையும் ஒருங்கு நிறுத்தியதே கச்சியப்பர் பெருமை.

இனி மயிலத்தார் கூறும் வரலாற்றை நோக்குக. நூலில் சூரனது மாற்றம் ஒரு நொடியில் நிகழ்கின்றது. பகையாய் வந்த பறவை பெருமான் கண்பட்டதும் ஊர்தியாகின்றது. அருளின் விரைவைக் காட்டுதற்கு அதுவே தகும். ஆயின் அங்கே சூரன் செய்தது யாதுமில்லை. மயிலமலையில் நின்ற சூரனோ தவஞ்செய்கின்றான். முன்னொருகால் ஆயிரத்தெட்டு அண்டங்களை வேண்டித் தன்னுடலைத் தீயிலிட்டவன், ஈண்டு ஒருவரைச் சுமக்கும் முதுகை வேண்டி நிற்கின்றான். முன்னைத் தவத்தில் உடலைக் கொடுத்தான், மானத்தைக் கொடுக்கவில்லை. பின்னைத் தவத்தில் கொடுத்தது அதனையே. நூலோடு இது முரணுகின்றது என்று தள்ளுதலினும், நூல் ஒரு நொடியிற் சுருக்கிவைத்ததை நிலத்து மக்கள் விரித்துப் பார்த்தனர் என்று கொள்ளுதல் எமக்குச் சிறப்பாகத் தோன்றுகின்றது. தேவரை மீன் சுமக்க வைத்தவன் தான் சுமப்பவனாதற்கு ஒருநாட்பொழுது போதாது என்று அவர் நினைத்தனர் போலும். அங்ஙனம் நினைத்ததில் மனிதவியல்பு பற்றிய நல்லறிவு ஒன்று உண்டு. நூலாசிரியரும் இச்சுமத்தலின் பொருளை அறியாதவரல்லர். சூரன் பறவையாய்ப் பறந்த போரில், பெருமானுக்கு மயிலாய் நின்று சுமந்தவன் இந்திரன். அவன் இறங்கிய இடத்திற்றான் அவன் பகைவன் ஏறி நின்றான். விண்ணாண்டவனும் அண்டங்களை ஆண்டவனும் ஒரே வடிவில், ஒருவன்பின் ஒருவனாய், ஒரே சுமையைத் தாங்கினர். இந்நுட்பத்தை விழாக்களில் யாரும் நடித்துக் காட்டக் காணோம்.

எஞ்சியது ஒரு சிறு செய்தி. சூரன் மைந்தருள் இரணியன் என்பான் ஒருவன். அவனும் தேவரைச் சிறைவிடுமாறு தந்தைக்கு அறிவுரை கூறினான். சினந்து மறுத்தமையால் போர்க்குச் சென்றான். வெல்ல இயலாமை கண்டு மீன்வடிவாய்க் கடலுள் ஒளித்தான். அச்சத்தால் மட்டும் அன்று. தன் குலம் முழுதும் மாயப்போகின்றது, தந்தைக்கு இறுதிக்கடன் ஆற்ற ஒருவனேனும் எஞ்சவேண்டும் என்பது அவன் எண்ணம். தந்தை தேவரைச் சுமக்கவைத்த அம்மீனின் வடிவே மைந்தனுக்குப் புகலாயிற்று. அவன் ஒளித்த கடலிலேதான் சூரன் பின்னர் மரமாய் நின்றான், அம்மரம் பிளந்தது, மயில் பறந்தது. நீர்க்கடன் இறுக்கக் காத்திருந்த மகன் யாருக்கு அதனை இறுப்பான்? இறந்தானென்று கொள்வதற்குத் தந்தை முருகன் திருவடிக்கீழ் ஊர்தியாய் இருக்கின்றான். இருக்கின்றானென்று கொள்வதற்கு, மகனை அறியும் சூரன் எங்கும் இல்லை.